சித்தி வீட்டு வைஃபை

ஓர் இணைய இணைப்பை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு என்று எங்கள் குடும்பத்தில் நம்பியவள் நான் ஒருத்திதான். கடத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த கேபிள், சாலையோரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டோடு நின்றுவிட்டது. ரௌட்டர் அவர்கள் சன்னலோரத்தில் இருந்தது. கணினி எங்கள் வீட்டில், என் அறையில். இரண்டுக்கும் நடுவே எங்களுடைய பட்டுப்புழுக் கொட்டகை. நிலம் பிரித்த நாளிலிருந்து அம்மாவும் சித்தியும் முகம் பார்த்துப் பேசியதில்லை. கண்ணுக்குத் தெரியாத அலையாவது இந்த இரண்டு வீடுகளையும் சேர்க்கட்டும் என்று, சமூகப்பணி படித்தவளுக்கே உரிய அசட்டு நம்பிக்கையோடு நான்தான் இரு தரப்பையும் சம்மதிக்க வைத்தேன்.

அந்த ஆண்டு கோடையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு வேலை. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த கிராமங்களில் பணிசெய்யும் ஒரு தொண்டு நிறுவனம் காணொளி வழியே நேர்காணல் நடத்தியது. முதல் முறை நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே திரை உறைந்துபோனது. வியாழக்கிழமை முற்பகல் இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அதற்குமேல் இயலாது என்றும் அவர்கள் எழுதினார்கள். இந்த வேலையும் இல்லையென்றால் மாப்பிள்ளை பார்ப்பதை இனித் தள்ளிப்போட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

எனவே பழுதைத் தேடினேன். கணினியை அணைத்துப் போட்டேன். இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன். தருமபுரிக்குப் பேருந்தேறிப் போய் புது வைஃபை அடாப்டர் வாங்கிவந்து சொருகினேன். எதுவும் பயன்படவில்லை. காலையில் திரை மூலையில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகச் சாய்ந்து இணைப்பு அறுந்துபோகும். பொழுது சாய்ந்தபின் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வரும். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

லைனில் கோளாறு இல்லையென்றால் ஆளிடம் கோளாறு. எங்கள் வீட்டில் அந்த முடிவுக்கு வர யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. "அவதான் சுச்ச அமத்தறா. நீ வேலைக்குப் போறது அவளுக்குப் பொறுக்குமா?" என்றார் அம்மா. எனக்கும் அது பொருந்துவதாகவே தோன்றியது. சித்தப்பா பெங்களூரில் லாரி ஓட்டுகிறார்; பகலில் அந்த வீட்டில் சித்தியைத் தவிர யாருமில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் வாசலில் போய் நின்றேன். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சித்தி, பகல்ல ரௌட்டர எதுக்கு நிறுத்தறீங்க?"

"என்னது?"

"காசுல பாதி நாங்களும்தான் கட்டறோம். எம் பொழப்பக் கெடுக்காதீங்க."

"ஓஹோ! உங்க பொட்டி செத்துப்போனா நான் கொன்னதா? உங்கம்மா எழுதிக் குடுத்த வசனமா இது, இல்ல காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ரௌட்டருக்கு எதிரே உட்கார வைத்தார். "எந்திரிக்கக் கூடாது. நான் தொடறனான்னு கண்ணத் தொறந்து பாரு."

அப்பாவைக் கைபேசியில் அழைத்து, என் கணினி முன்னால் உட்காரச் சொன்னேன். கோடு முழுசாக இருக்கிறது என்றார். சித்தி சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வெயில் ஏறியது. சன்னலுக்கு வெளியே, அம்மா நனைத்த சாக்குகளைச் சுமந்துவந்து கொட்டகையின் பக்கவாட்டில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடத் தொடங்கினார். புழுக்கள் கடைசித் தோலுரிப்பு முடிந்து அசுரப் பசியோடு இருந்தன. புழு வளரும் அடுக்குத் தாங்கிகள் நிறைய மல்பெரித் தழை; உள்ளே சூடு ஏறினால் புழு சாகும்; அதனால் சாக்கு.

"ரெண்டு கோடு," என்றார் அப்பா. இன்னும் சில சாக்குகள் ஏறின. "ஒரு கோடு... போச்சு."

எனக்கு எதிரே ரௌட்டரின் பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் வைஃபை அலையை விழுங்கும் என்பதை நான் எங்கோ படித்திருக்கிறேன். ஈரச் சாக்கும் பச்சைத் தழையுமாக ஒரு தண்ணீர்ச் சுவரை எங்கள் வீடே தினமும் எழுப்பிக்கொண்டிருந்தது.

சித்தி சன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்கம்மாவே மூடி வெச்சிட்டு, பழிய எந்தலையில போடறீங்களா? நல்ல குடும்பம்டி."

வியாழனன்று ஒரு மணிநேரம் சாக்கை எடுத்துவைக்கும்படி அம்மாவிடம் கேட்டேன். "ஒரு மணிநேரம் அனல் அடிச்சா அத்தனையும் சுருண்டுக்கும். உன் வேல இன்னொரு நாளைக்கு வரும், புழு திரும்பி வருமா?" சித்தி வீட்டிலிருந்து கொட்டகை வழியாக ஒயர் இழுக்கலாமென்றால், வெளியாள் கால்பட்டால் நோய் வரும் என்று அப்பா மறுத்தார். எங்கள் ஊரில் கைபேசியில் பேசத்தான் முடியும், இணையம் எட்டாது. கடத்தூர் பிரவுசிங் சென்டரின் இரைச்சலில் நேர்காணல் நடக்காது. மீதமிருந்தது சித்தியின் வீடு.

சித்தி மறுக்கவில்லை, நிபந்தனை வைத்தார். "வா. ஆனா எந்த வாசல்ல நின்னு சொன்னயோ, அதே வாசல்ல, அதே ஆளுங்க காதுல விழற மாதிரி, சித்தி நிறுத்தலன்னு சொல்லிட்டு வா."

அம்மா அதைக் கேட்டு, "அவ வாசல்ல தல குனிஞ்சேன்னா இந்த வூட்டுல சோறு கேக்காத" என்றார். புதன்கிழமை முழுதும் இரண்டையும் எடைபோட்டேன். சித்தி கேட்டது உண்மை. ஆனால் உண்மை வேண்டுமென்று அவர் கேட்கவில்லை, வேடிக்கை வேண்டுமென்று கேட்டார். அம்மா கேட்டது மானம். ஆனால் பொய்யின்மேல் நிற்கும் மானம். எதைத் தேர்ந்தாலும் ஒரு வீடு என்னை மன்னிக்காது. அப்படியானால் வேலை கிடைக்க வழியுள்ள பக்கமே போவது என்று முடிவுசெய்தேன்.

வியாழன் காலை கணினியை இரண்டு நடையாகச் சுமந்தேன். வாசலில் நின்று, சித்தி ரௌட்டரை நிறுத்தவில்லை, நான் சொன்னது தவறு என்று உரக்கச் சொன்னேன். "கேக்கல," என்றார் சித்தி, உள்ளிருந்து. மறுபடி சொன்னேன். குழாயடியில் ஒருத்தி குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

நேர்காணல் முழுக்கச் சித்தி எதிர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு நான்தான் அறுத்துவுட்டேன்னு சொல்லுவ. நான் கண்ணால பாக்கணும்." பகை கொண்ட இரு தரப்பினர் ஒரே குடிநீர்த் தொட்டியைப் பகிரும் ஊரில் எப்படிப் பணிசெய்வீர்கள் என்று திரையில் கேட்டார்கள். சித்தியின் கண்களைப் பார்த்துக்கொண்டே, தொட்டி யாருடைய வாசலிலும் இருக்கக் கூடாது என்றேன். இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை.

வேலை கிடைத்தது. பணி ஆணை வந்த அன்று அம்மா கொட்டகையிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. பட்டுக்கூடு நன்றாக விளைந்திருந்தது, அதைப் பற்றி மட்டும் அப்பாவிடம் பேசினார். சாக்குகளும் இறங்கிவிட்டன. மறுநாள் காலை, என் அறைக்குத் திரும்பியிருந்த கணினியை இயக்கினேன். கோடுகள் முழுதாக நின்றன. வைஃபை கடவுச்சொல் தவறு என்று திரை சொன்னது. அந்த முறை நான் பழுது எதையும் தேடவில்லை.