கூமாப்பட்டிக் கிணற்றில் நாச்சியார் கொடுத்த பதில்

நாச்சியாரை நம்பி வந்திருக்கும் உங்கள் முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வத்திராயிருப்புக்காரி. என்னைச் சாந்தமானவள் என்று யாரும் சொன்னதில்லை. ஒருவர் சாக வேண்டும் என்று நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். அதற்குக் கிடைத்த பதில்தான் இது.

என் வீட்டுக்காரர் கிணற்றில் விழுந்த மோட்டாரை மூழ்கி எடுக்கிறவர். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய், இடுப்பில் கயிறு. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களிடம் கற்றது. அவரோடு சேர்ந்து கற்றவர் கோவிந்தன் அண்ணன், என் நாத்தனாரின் கணவர். தொழிலில் போட்டி வந்து இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் இரண்டு பேர் சிலிண்டரும் எங்கள் வீட்டில் ஒன்றாக நிற்கும். மூத்தவர் என்பதால் அண்ணன்தான் பூஜை போடுவார்.

போன புரட்டாசியில், பூஜை முடிந்த மறுநாள், கூமாப்பட்டியில் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில் என் வீட்டுக்காரர் இறங்கினார். அடியில் மோட்டாருக்குச் சங்கிலி மாட்டும்போது காற்று நின்றுவிட்டது. கலங்கல் தண்ணீரில் காற்றின் அளவு காட்டும் மீட்டர் முள் தெரியவில்லை. கயிற்றை இழுத்திருக்கிறார். தூக்கியபோது பேச்சு மூச்சு இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு வராந்தாவில் தோப்புக்காரரிடம், என் காதில் விழும்படியே சொன்னார்: "பயந்துட்டான். பயந்தவனுக்குக் காத்து சீக்கிரம் தீந்துரும். நா இறங்கி எடுத்துத் தாரேன்."

உள்ளே தாலி கட்டியவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். வெளியே இவர் வேலை பிடிக்கிறார். பூஜையன்று எங்கள் சிலிண்டரைத் தொட்டவர் இவர் ஒருவர்தான். இவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று என் மனதில் உறுதியாகிவிட்டது.

தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கோயிலுக்கு நடந்து போனேன். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் பிள்ளைக்கும் வேண்டிக்கொண்டு நின்றார்கள். நான் கேட்டது ஒன்றுதான். "தாயே, என் புருசன் தவித்த மாதிரி அந்த மனுசனும் தவிக்க வேண்டும். அவனை என் கையில் கொடு." இதைச் சொல்ல எனக்கு அன்று வெட்கமில்லை. இன்றைக்கும் அதிகம் இல்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். தொண்டை மட்டும் கட்டியிருந்தது. மறுநாள் காலையிலேயே சிலிண்டரை முற்றத்தில் நிறுத்தினேன். அண்ணன் செய்த வேலையைக் கண்டுபிடித்து, ஊர் நடுவில் வைத்து அவர் மானத்தை வாங்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

கிணற்றடியில் மூச்சிழுக்கப் போதாத கொஞ்சக் காற்று சிலிண்டருக்குள் மிச்சம் இருந்தது. வால்வைத் திறந்தேன். உஸ் என்றது. எங்கே என்று காதுக்குப் பிடிபடவில்லை. சோப்பு நுரை எடுத்துத் தடவினேன். குழாயில் ஒன்றுமில்லை. வாயில் வைக்கும் பகுதியிலும் ஒன்றுமில்லை. ரெகுலேட்டர் வந்து சிலிண்டரின் வாயில் உட்காரும் இடத்தில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. மூடிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு ரப்பர் வளையத்துக்கு அடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழக்கமாகச் சிலிண்டரின் வயிற்றில்தான் பொட்டு வைப்போம். இந்தத் தடவை அண்ணன் மூடியைக் கழற்றி, மூச்சு வருகிற வாய்க்குத்தான் முதல் பொட்டு என்று சொல்லி, விரல் நிறையச் சந்தனத்தை அப்பினார். சிலிண்டர் தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை காய்ந்த சந்தனம் காற்றை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் ஊறியதும் கரைந்து வழிவிட்டிருக்கிறது.

அண்ணன் தன் சிலிண்டருக்கும் அதே பொட்டைத்தான் வைத்தார்.

அன்று காலையில்தான் நாத்தனார் பேசியிருந்தாள். அண்ணன் அதே கூமாப்பட்டிக் கிணற்றுக்குப் போயிருக்கிறார், பூஜைக்குப் பிறகு இதுதான் முதல் இறக்கம் என்றாள். நான் கேட்டதை நாச்சியார் அப்படியே கொடுத்துவிட்டாள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

இருந்தேன். கையைக் கழுவினேன். உலை வைத்தேன். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. நாத்தனார் வீட்டில் இப்படி இருமக்கூட ஆள் மிஞ்சாது என்று தோன்றியது. அடுப்பை அணைத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டால் என் பெயரைப் பார்த்து எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

கிணற்று விளிம்பில் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தார். இறங்காதீர்கள், காற்று ஒழுகும் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பம்புசெட் தொட்டியில் முக்கிப் பார்க்காமல் கயிற்றை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். முக்கினார்கள். ஒன்றும் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். சிலிண்டர் ஊறட்டும் என்றேன். செத்த நேரத்தில் ஒரு குமிழி வந்தது. பிறகு வரிசையாக வந்தது. பிறகு தொட்டியே கொதித்தது.

அண்ணன் வால்வை மூடினார். "ஏம்மா, உனக்குத்தான் என் மேல அம்புட்டுக் கோவமாச்சே. பொறவு ஏன் வந்த?"

"உங்களை என் கையில குடுன்னு நாச்சியார்கிட்ட கேட்டேன். குடுத்துட்டா. சாகவிட எனக்கு ஏலல."

தோப்புக்காரர் முன்னாலேயே, என் வீட்டுக்காரர் பயப்படவில்லை, காற்றுதான் ஒழுகிவிட்டது என்று அண்ணன் வாயால் சொல்ல வைத்தேன். என் கோபம் அதோடு தீர்ந்துவிடவில்லை. இப்போது எங்கே இறங்கப் போனாலும் முதலில் அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் மாட்டுத் தொட்டியில் முக்கி, குமிழி இல்லை என்று நான் சொல்லும்வரை நிற்க வேண்டும். நான் வாங்க என்று சொல்வதில்லை. காபியும் கொடுப்பதில்லை. என் வீட்டுக்காரரும் மறுபடி இறங்குகிறார். அவர் சிலிண்டரும் அதே தொட்டியில்தான். பூஜைக்குப் பொட்டு வயிற்றில் மட்டும்.

உங்களுக்கும் யார் மீதாவது எரிச்சல் இருந்தால் அதை மறைத்துக்கொண்டு நாச்சியார் முன்னால் நிற்காதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள், அவள் கேட்பாள். எனக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று, நான் அடுப்பை அணைக்கிறவரை பார்த்துக்கொண்டும் இருந்தாள்.