இலையில்லாத நாற்பத்தாறு மரங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. இரண்டாம் ஆண்டு மாணவிகள் பதினெட்டுப் பேரை மரம் பார்க்க அழைத்துப் போனேன்.

2. அவர்களில் ஒருத்தி, இலையெல்லாம் கொட்டி நின்ற ஒரு மரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் 'செத்துவிட்டது' என்று எழுதினாள்.

3. நான் சிரித்துவிட்டேன். சத்தமாக.

4. அவள் அழுதுவிட்டாள்.

5. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னை நினைத்துத்தான் சிரித்தேன் என்றேன். அவள் நம்பவில்லை.

நீங்களாவது நம்புவீர்களா? நம்ப வேண்டுமென்றால் செஞ்சிக்குப் போக வேண்டும். அதுவும் கோடையில்.

அரிசிக்கு க்யூவில் நின்றோமே, அந்த வருஷம். பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்த கையோடு எனக்கு அங்கே வனத்துறையில் மூன்று மாத வேலை கிடைத்தது. கோட்டை மலைகளுக்குப் பின்னால் ஒரு சரிவு. அதிலுள்ள மரம், செடி, புதர் அத்தனைக்கும் பெயர் எழுத வேண்டும். பட்டுப்போன மரத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட வேண்டும். குறி போட்டதை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தைலமரக் கன்று நடுவார்கள்.

லிஸ்ட் போடும் வேலை! எனக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. இந்தச் சரிவைச் சரியாக முடித்தால் தொண்டூரிலிருந்து மண்டகப்பட்டு வரைக்கும் உள்ள பாறைக் குன்றுகளையெல்லாம் ஒரு வருஷம் நான்தான் எழுதுவேன் என்று பேச்சு. முதல் நாளே அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளப் புள்ள... இந்த வெயில்ல மலை ஏறுமா?" என்றார், என்னிடமல்ல, பக்கத்திலிருந்த கிளார்க்கிடம். அந்த ஒரு வருஷம் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த மலைகளைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போனதுபோல இருக்கும். இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு கைப்பிடி மண் இருந்தால் போதும், அங்கே ஒரு களாச்செடி. இன்னும் கொஞ்சம் மண் இருந்தால் வெப்பாலை. சரிவின் அடியில், மண் கனத்த இடத்தில் துரிஞ்சி. மரத்தைப் பார்த்தால் மண்ணின் ஆழம் தெரிந்துவிடும் என்பதை நானே கண்டுபிடித்ததுபோலப் பூரித்து, நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

தங்கியிருந்தது ஒரு ஜைனக் குடும்பத்தின் வீட்டில். பொழுது சாய்வதற்குள் அங்கே சாப்பாடு முடிந்துவிடும். அதனால் நான்கரை மணிக்கே மலையிலிருந்து இறங்கிவிடுவேன். வேகமாக எழுதுவேன். எவ்வளவு வேகம் என்றால், உச்சிக்குப் பக்கத்தில் வழுவழுவென்று சாம்பல் நிறத்தில், ஓர் இலைகூட இல்லாமல் நின்ற மரங்களை மூன்றே நாளில் முடித்துவிட்டேன். பட்ட மரம், நாற்பத்தாறு. நாற்பத்தாறு பெருக்கல் குறி. அவற்றின் அடியில் இரண்டு நீளச் சிறகு வைத்த காய்கள் கிடந்தன. அழகாக இருந்ததால் ஒன்றை நோட்டில் ஒட்டி, 'எங்கிருந்தோ காற்றில் வந்தது' என்று எழுதி வைத்தேன்.

லிஸ்ட் போய்விட்டது. திங்கட்கிழமை வெட்டு என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அஞ்சலை மேலே வந்தாள். விறகு பொறுக்க வருகிற பெண்களில் ஒருத்தி, என் வயதுதான். தினமும் என்னைக் கடந்து போகும்போது ஏதாவது கேட்காமல் போகமாட்டாள்.

"இன்னாம்மா, எழுதிக்கினே கீற. மலைய வித்துடப் போறியா?"

"மரத்துக்குப் பேர் எழுதறேன்."

"அதுங்களுக்குத் தெரியுமா, நீ வெச்ச பேரு?" சுற்றிப் பார்த்தவள் சுண்ணாம்புக் குறியைக் கவனித்தாள். "இதுக்கு இன்னாத்துக்கு பூசிக்கீற?"

"பட்ட மரம். திங்கட்கிழமை வெட்டறாங்க. உனக்கும் விறகு கிடைக்கும்."

அஞ்சலை தலைச்சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை.

"அடியம்மா... தூங்கற புள்ளைக்குப் பாடை கட்டிட்டியே! தணக்கும்மா இது. மழை வந்தா எழுந்துக்கும். இத்த வெட்டி இன்னா பண்ணுவ? அடுப்புல வெச்சா பொகையும், எரியாது."

கட்டைவிரல் நகத்தால் பட்டையை ஒரு கீறு கீறினாள். உள்ளே பச்சை. ஈரப் பச்சை.

நானும் கீறினேன். பச்சை. அடுத்ததையும் கீறினேன்... பச்சை.

தணக்கு எனக்குத் தெரியாத மரமா? காலேஜில் காய வைத்து ஒட்டிய ஷீட்டில் பார்த்திருக்கிறேன், பரீட்சையில் அடையாளம் சொல்லி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஷீட்டில் இலை இருந்தது. இலையை வைத்துப் படித்தேன். மண்ணே இல்லாத பாறையில் நிற்கிற மரம், கோடையில் இலைக்குத் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுப் பட்டைக்குள் பச்சையை வைத்துக்கொண்டு காத்திருக்கும் என்று எந்த ஷீட்டிலும் ஒட்டவில்லை. நான் காற்றில் வந்தது என்று எழுதிய காயின் தாய், என் தலைக்கு மேலேயே நின்றிருக்கிறது.

அன்று பொழுது சாயும்வரை கீறினேன். நாற்பத்தாறில் நாற்பத்திரண்டு உயிரோடு இருந்தன.

இருட்டிய பிறகு வீடு சேர்ந்தேன். மன்னிப்புக் கேட்டபடி நுழைந்தால், வீட்டுக்கார அம்மாள் இலை போட்டார். "நாங்க சாப்ட மாட்டோம். உனுக்குப் போடக்கூடாதுன்னு எங்க எழுதிக்கீது? உக்காரு." உட்கார்ந்தேன். தப்பை ஒப்புக்கொண்டால் அந்த ஒரு வருஷம் போய்விடும். ஒப்புக்கொள்ளாவிட்டால்? மழை வந்து இலை விட மரம் இருக்காது, தப்பு யாருக்கும் தெரியவே தெரியாது. இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை, அதிகாரி அனந்தபுரத்தில் கேம்ப் என்றார்கள். வெட்டை நிறுத்தச் சீட்டு வாங்கப் போகிறேன் என்று வழியில் அஞ்சலையிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

"இலையே இல்லாத மரத்துக்கு உசுரு இருக்குதுன்னு நான் எப்பிடிம்மா ஆர்டர் போடறது?"

"தப்பு என்னோடதுன்னு போடுங்க சார்."

"எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுத்தேன். மரம் வாரியாக, நாற்பத்திரண்டு எண்கள். கீழே கையெழுத்து. அவர் ஒன்றும் திட்டவில்லை. படித்தார், மடித்தார், வெட்டை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதினார். பிறகு கிளார்க்கைப் பார்த்து, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

அந்த ஒரு வரியோடு சரிவுக்குத் திரும்பியபோது மாலை. வெட்டுக்காரர்களுக்குத் திங்களன்று வேறு வேலை வந்துவிட்டதாம், சனிக்கிழமையே வந்துவிட்டார்கள். நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது இங்கே கோடாலி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அஞ்சலையும் இன்னும் நாலு பெண்களும் மீதி மரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தம்மா சீட்டு வாங்கினு வரும், அதுவரிக்கும் தொடாதீங்கன்னேன்" என்றாள் அஞ்சலை. "நீ வருவியோ மாட்டியோன்னு எனுக்கே டவுட்டு."

எனக்கும்தான் அஞ்சலை, வெள்ளிக்கிழமை ராத்திரி முழுவதும்.

புத்தகத்தில் ஒரு மரத்தை அடையாளம் காண அரை மணி நேரம் போதும். மலையில் ஒரு வருஷம் வேண்டும். எல்லாப் பருவத்திலும் பார்த்தால்தான் அது யாரென்று தெரியும். மனுஷர்களுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டா என்ன?

வேலையை நீட்டிக்கவில்லை. தொண்டூர்க் குன்றுகளை வேறு ஒருவர் எழுதினார், நன்றாகவே எழுதினார் என்று கேள்வி. போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு நாள், செஞ்சிக்குப் போய் அந்தச் சரிவில் ஏறினேன். உள்ளங்கை அகல இலையோடு தணக்குகள் நின்றன. பழக்கதோஷம், எண்ணினேன்.

நிற்பவை முப்பத்தொன்று. நான் வெட்டியவை பதினொன்று.