வாசல்வரை வந்த நரி

ஏரியை ஒட்டி மனை பிரித்துப் போட்ட புது நகரில் எங்கள் வீடுதான் கடைசி. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலங்காடு. குடிவந்த புதிதில் ஒருநாள் பொழுது விடியும்போது வேலியோரம் ஒரு நரி நின்றது. நான் பயந்துபோய்க் கதவைச் சாத்தினேன். என் கணவருக்கோ தலைகால் புரியவில்லை. நரி முகத்தில் விழித்தால் போகிற காரியம் பழம் என்று நம்புகிறவர் அவர். அன்றைக்குக் காஞ்சிபுரம் கடைக்கு எடுத்துப்போன பட்டுச் சேலைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, அத்தனையையும் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். போதாதா அவருக்கு?

அதிலிருந்து காலையில் கண்ணை மூடிக்கொண்டே எழுந்து, சுவரைத் தடவித் தடவி வாசலுக்குப் போவார். நடுவில் என் முகம் பட்டுவிடக் கூடாதாம். கட்டினவள் முகத்தைவிட நரி முகம் உசத்தியாகிவிட்டதா என்று கேட்டுச் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது. சேதி தெரிந்து பக்கத்து வீட்டு பவர்லூம்காரரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்க ஆரம்பித்தார். நரி என்ன, இவர்களுக்காக டியூட்டியா பார்க்கும்? வராத நாளில் இரண்டு பேர் மூஞ்சியும் தொங்கிப்போகும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கறிக்கடையிலிருந்து கோழிக் குடலும் தோலும் வாங்கிவந்து எவர்சில்வர் தட்டில் கொட்டி, கரண்டியால் தட்டிக் கூப்பிட்டார்கள்.

முதலில் வேலியோரம் வைத்தார்கள். பிறகு தெருமுனையில். பிறகு எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே. நரிக்கு இருந்த கூச்சமெல்லாம் போய், பட்டப்பகலில் தெருவில் நடமாடியது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே வாசலுக்கு ஓடிவந்து கேட் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். துணி காயப்போட்டாலும் கண் தெருவில்தான். அவரிடம் சொன்னால், அது வீட்டு நாய் மாதிரி ஆகிவிட்டது, நீ ஏன் பேஜார் பண்ணுகிறாய் என்பார்.

பொறுக்க முடியாமல் வனத்துறை ஆபீசுக்கு போன் போட்டேன். பேசியவர் நிதானமாகச் சொன்னார். தீனி போடுவதை நிறுத்துங்கள். குப்பையை மூடி வையுங்கள். கிட்டே வந்தால் முதுகு காட்டி ஓடாமல், சத்தம் போட்டு விரட்டுங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள். பல் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அத்தனையையும் கணவரிடம் ஒப்பித்தேன். தீபாவளி ஆர்டர் முடியட்டும், நிறுத்திவிடலாம் என்றார்.

ஒரு சாயங்காலம் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் அப்படி இருக்கக் கூடாது. எழுந்து ஓடினேன். கேட்டுக்கு உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி வழியாக பிஸ்கட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் கரண்டி. அந்தப் பக்கம் நரி கழுத்தை நீட்டி, மூக்கைக் கம்பிக்குள் நுழைத்திருந்தது. கவுனைப் பிடித்துத் தூக்கினேன். கீழே விழுந்த பிஸ்கட்டை நரி தின்றுவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று அங்கேயே நின்றது. குழாயடியில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீறல் இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கழுவினேன். "அப்பா மட்டும் குடுக்கறாரே" என்று அழுதாள்.

அவர் வந்து நடந்ததைக் கேட்டதும் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். பவர்லூம்காரரும் வந்தார். கோழிக்குடலில் மருந்து வைத்துவிட்டால் காலையில் கதை முடிந்துவிடும், மருந்து தன் வீட்டிலேயே இருக்கிறது என்றார். என் கணவர் தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம்.

"நேத்து வரைக்கும் சாமி மாதிரி பாத்துகினு இருந்தீங்க. தட்டு தட்டிக் கூப்ட்டது நீங்க. சாவறது மட்டும் அதுவா?"

நாளைக்கு ஒருநாள் என்னிடம் விடுங்கள், விரட்டிப் பார்க்கிறேன் என்றேன். அப்படியும் போகாவிட்டால் மருந்துதான் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போனார். அன்று நான் சாப்பிடவே இல்லை.

காலையில் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, தட்டும் கரண்டியுமாக வெளியே வந்தேன். கணவர் பின்னால் நின்றார். நரி ஏற்கெனவே காத்திருந்தது. பலம்கொண்ட மட்டும் தட்டை அடித்தேன். அது கிட்டே வந்தது. அந்தச் சத்தத்தை அது சாப்பாட்டுக்குத்தானே கேட்டுப் பழகியிருக்கிறது! தட்டைக் கீழே போட்டுவிட்டு, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீசினேன். அதன் முன்னால் விழுந்தது. நரி குனிந்து கல்லை மோந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அடுத்ததைக் குறிபார்த்து எறிந்தேன். பின்னந்தொடையில் பட்டது. ஊளை மாதிரி ஒரு சின்னச் சத்தம் போட்டுத் துள்ளி விலகியது. ஆனால் போகவில்லை. என்னைத் தாண்டி அவரைப் பார்த்தது.

"போதும்மா, வா," என்றார் அவர்.

"நீங்களும் எடுங்க. இல்லன்னா அது செத்துடும்," என்றேன்.

குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அவர் எறிந்தது எங்கோ போய் விழுந்தது. ஆனால் அவர் கை ஓங்கியதைப் பார்த்த பிறகுதான் நரி ஓடியது.