நிலவில் கேட்காத பாங்கு

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. போன ஆண்டு பேச்சுப்போட்டிக்கு விண்வெளி வீரர்கள் என்று தலைப்பு. நடுவர்கள் நான், தமிழாசிரியர், பரிசு கொடுக்க வந்திருந்த ஷூ கம்பெனி முதலாளி.

முதலில் பேசிய மாணவி, நிலவில் முதன்முதலாகக் கால் வைத்தவர் அங்கே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டார் என்றாள். பூமிக்குத் திரும்பியபின் அதே ஓசையை ஒரு பள்ளிவாசலில் கேட்டு இஸ்லாத்துக்கு வந்தாராம். அதனால் வேலையும் போயிற்றாம். கைதட்டல் ஓய நேரமாயிற்று. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். கல்லூரிக்குப் போனபின்தான் காற்றில்லாத இடத்தில் சத்தம் ஏது என்று உறைத்தது. என்னை ஏமாற்றியிருந்தார்கள் என்ற கோபம் இன்றும் தீரவில்லை.

அடுத்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "அது உண்மை இல்ல. அவரே இல்லைன்னு சொல்லிட்டாரு. எங்க வீட்லயும் எல்லாரும் தொழுவோம். அதுக்கு அவரு சாட்சி சொல்லணும்னு இல்ல" என்றாள்.

முதலாளி அவளை நிறுத்தினார். "உங்கம்மா எங்க வேலை பாக்குறாங்க?"

"உங்க கம்பெனியிலதான் சார். தையல் செக்‌ஷன்."

"அப்டியா" என்று சிரித்தார். அரங்கமும் சிரித்தது. அவள் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

மதிப்பெண் போடும்போது முதலாளி அவளுக்குப் பூஜ்யம் போட்டார். தமிழாசிரியர் என் காதோரம், "அது அவங்கவங்க நம்பிக்கை. நமக்கு எதுக்கு டீச்சர் பேஜாரு?" என்றார். விண்வெளியிலிருந்து பார்த்தால் நம் கோயில்கள் மட்டும்தான் மின்னுமாம் என்று அன்று காலை எனக்குச் செய்தி அனுப்பியவர் அவர்.

"இது நம்பிக்கை இல்ல சார், வாட்ஸ்அப்பு" என்றேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்களும் முஸ்லிம்தானே?"

"அதனாலதான் சொல்றேன். பொய்ய வெச்சு என் மார்க்கத்துக்குப் பெருமை சேக்க வேணாம்."

முடிவுத்தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். எனக்குப் பதிலாகத் தலைமையாசிரியை போட்டார். பாங்கு கதைக்கே முதல் பரிசு.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, என்னைப் பார்க்க வந்தார். பெண்ணை அடக்கி வைக்கச் சொல்லி சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் ஏசினாராம்.

"நான் வேற கம்பெனிக்குப் போய்க்கிறேன் மிஸ். தையல் தெரிஞ்சவளுக்கு இந்த ஊர்ல இன்னா பஞ்சம்? அவ பேசினது சரிதானா, அத மட்டும் சொல்லுங்க."

"சரிதாம்மா."

தலையசைத்துவிட்டுப் போனார். சொன்னபடியே அடுத்த மாதம் வேறு கம்பெனியில் சேர்ந்தார்.

முதலாளிமேல் எனக்குள்ள கோபம் பெரிதுதான். ஆனால் அவர் அவளிடம் அம்மா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாலும் ஒரு மைக் இருந்தது. அதில் நான் எதுவும் பேசவில்லை. மேடை காலியானபின் நடுவர் மேசையில் சண்டை போட்டு யாருக்கு என்ன லாபம்?

இந்த ஆண்டுப் போட்டிக்கு அந்தப் பெண்ணைப் பேர் கொடுக்கச் சொன்னேன்.

"வேணாம் மிஸ்" என்றாள்.