வடக்குச் சுவரில் ஒரு வாசல்

மரியநாயகி சனிக்கிழமை கூட்டிவிட்டுப் போன இடத்தில், ஞாயிறு ஆராதனைக்கு முன்பே மறுபடியும் சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும். டென்மார்க்கின் வைலே நகருக்கு வெளியே, எண்ணூறு ஆண்டுப் பழைய லூத்தரன் கோயில் அது. செதுக்கிய கருங்கல் சுவர்கள், பிற்காலத்தில் ஒட்டவைத்த செங்கல் கோபுரம், உள்ளே முழுக்க வெள்ளை. மன்னாரிலிருந்து அகதியாக வந்தவளுக்கு 1986இல் கிடைத்த முதல் வேலை அதைத் துப்புரவாக வைத்திருப்பது.

உதிர்வது வடக்குச் சுவரில் ஒரே இடத்தில்தான். கோயில் பொறுப்பாளர் பௌலிடம் மூன்று முறை சொன்னாள்.

"பழைய கோயில். அப்படித்தான்." மூன்று முறையும் அதே பதில்.

வீட்டில் கணவன் அந்தோனிதாசனிடம் வெடித்தாள். "இஞ்சரப்பா, கூட்டக் கூட்டக் கொட்டுது. ஆராதனைக்கு வந்து வாங்கில இருக்கிற சனம் என்னையெல்லோ பார்க்குது!"

"பேசாமல் கூட்டிப்போட்டு வாருமன்."

"ஓம், உங்களுக்கென்ன!"

அடுத்த மழைக்கு அவளுடைய பொறுமை போய்விட்டது. ஈரம் எதுவரை நிற்கிறதென்று சுவரில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். நாலாம் நாள், தலை வளைந்த ஒரு வாசலின் உருவம் அங்கே நின்றது. கூட்டுகிற தும்புத்தடியின் கட்டையால் தட்டிப் பார்த்தாள். கருங்கல்லின் சத்தம் இல்லை.

பௌல் கண்டதும் சிவந்துபோனார். "இந்தச் சுவரில் கிறுக்க உமக்கு யார் அனுமதி தந்தது?"

"சொன்னால் நீங்கள் கேட்கவில்லையே!" தெரிந்த டேனிஷில் அவளும் கத்தினாள்.

சேதத்தைக் காட்ட அவர் கட்டடக் கலைஞர் ஒருவரை வரவழைத்தார். வந்த பெண்மணி பென்சில் கோட்டைப் பார்த்தார், வெளியே போய்ச் சுவரைச் சுரண்டினார், சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"இது பெண்கள் வாசல். அந்தக் காலத்தில் ஆண்கள் தெற்கால் வருவார்கள், பெண்கள் வடக்கால். பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். வெளியே யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது. அதனால்தான் உள்ளே உதிர்கிறது."

சீமெந்தைக் கொத்தி எடுக்க இரண்டு மாதம். தூசி பலிபீடம் வரை போனது. மரியநாயகி துடைத்தாள், ஏசினாள், மறுபடி துடைத்தாள். கடைசியில் சுவர் காய்ந்தது. வாசலின் வளைவு தெரியும்படி விட்டுப் புதிதாக வெள்ளையடித்தார்கள்.

கோடையில் பார்வையாளர்கள் வந்தார்கள். பௌல் வளைவைக் காட்டி, "இதை நாங்கள் கண்டுபிடித்தோம்," என்றார்.

வாங்குப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த மரியநாயகி நிமிர்ந்தாள்.

"நாங்கள் இல்லை. நான்."

எல்லோரும் திரும்பினார்கள். பௌல் அவளைக் கைகாட்டினார்.

"உண்மைதான். இவர்தான் கண்டுபிடித்தவர்," என்றார்.