அன்னையர் ஞாயிறும் உங்கள் சித்தியும்

அன்பு மகன் ஸ்டீபனுக்கும் மகள் மெர்சிக்கும்,

நினைவு மலருக்கு அப்பாவும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று கேட்டீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். முட்டுக்காடு போட் ஹவுஸில் படகைக் கட்டி அவிழ்த்தே காலம் போய்விட்டது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அட்டை மாதிரி பார்த்தேன். படத்தைச் சுற்றி ரோஜாப் பூ. மேலே ‘எங்கள் அன்பு அம்மா’ என்று பெரிய எழுத்து. நல்ல கலர்தான். ஆனால் உயிரோடு இருந்தவரை நீங்கள் இருவரும் அவரை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆகையால் இந்தக் கட்டுரையில் நீங்கள் கூப்பிட்டபடி சித்தி என்றே எழுதுகிறேன். வீட்டில் நான் வா, போ என்றுதான் பேசினேன். மரியாதை எழுத்தில்தான் வருகிறது, அதுவும் ஆள் போன பிறகு.

சித்தி பிறந்தது கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டைச் சுவர் தெரிகிற தூரத்தில் வீடு. தாயார் சீக்கிரம் தவறிவிட்டதால் கூடப் பிறந்தவர்களை வளர்த்து, கட்டிக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் அவருக்கென்று ஒரு இடம் பார்த்தார்கள். அந்த இடம் நான். உங்களைப் பெற்ற தாய் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஸ்டீபன் பள்ளிக்கூடம் போகிற பையன். மெர்சிக்கு ஜடை போடக்கூட முடி வளரவில்லை.

வந்த இரண்டாம் மாதமே இறால் கம்பெனி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். விடிவதற்கு முன் சோறு வடித்து வைத்துவிட்டுப் போவார். நாள் முழுக்க ஐஸில் கை. விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அவருக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் அவர் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். சொன்னவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

இப்போது அன்னையர் ஞாயிறு பற்றிச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலத்தின் நான்காம் ஞாயிறு. நம் சபையில் என்ன வழக்கம் என்று உங்களுக்கே தெரியும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாவை ஆயர் கையில் வாங்கி, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிற தங்கள் தாயிடம் கொடுக்க வேண்டும். தாய் இல்லாத பிள்ளைகள் கோயிலுக்குப் பின்னால் போய்க் கல்லறையில் வைக்க வேண்டும். உங்கள் பெரியம்மா, அதாவது பெற்ற தாயின் அக்கா, வருஷா வருஷம் வாசலில் நின்று உங்கள் இருவரையும் கல்லறைக்குக் கூட்டிப் போனார்கள். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. பெற்றவளை மறக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்தக் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கியதும் சுண்ணாம்பு அடித்ததும் யார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போட் ஹவுஸில் கூட்டம் நெரியும். எனக்கு லீவு கிடைக்காது. ஒரு வருஷம் மட்டும் முகத்துவாரம் மண் மேடிட்டுத் தண்ணீர் வற்றியதால் படகு ஓடவில்லை. அந்த அன்னையர் ஞாயிற்றுக்கு நானும் ஆராதனைக்கு வந்தேன். முந்தின நாள் சாயந்தரம் சித்தி எலுமிச்சம்பழத் தோலை வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பில் பட்டால் எப்படி எரியும். எதற்கு என்று கேட்டேன். இறால் நாற்றம் போக என்றார். தினம் இருக்கிற நாற்றம்தானே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள்தான் புரிந்தது.

மெர்சி, உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ரோஜாவை வாங்கிக்கொண்டு நீ வாசல் பக்கம் போகவில்லை. நேராகச் சித்தி உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடந்தாய். சித்தியின் கை மடியிலிருந்து மேலே வந்துவிட்டது. அப்போதுதான் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்.

“ஏ மெர்சி, எங்க போற? அது உங்கம்மாவுக்கு. இப்டி வா.”

கோயிலே திரும்பிப் பார்த்தது. நீ நடுவில் நின்றுவிட்டாய். நீட்டிய கையால் சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“போ பாப்பா. அம்மாவுக்கு வெச்சிட்டு வா,” என்றார்.

நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு எந்த வருஷமும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பெரியம்மாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன். சித்தி சிரித்தார்.

“இன்னாய்யா இப்போ? பூதான? சாயந்தரத்துக்குள்ள வாடிடும். அதுவும் என் கையில வெச்சா இறா நாத்தத்துக்கு ரோஜாவுக்கே தலவலி வந்துடும்.”

அதற்கடுத்த வருஷங்களிலும் சனிக்கிழமை சாயந்தரம் எலுமிச்சம்பழத் தோல் தேய்ப்பதை அவர் விடவில்லை.

நீங்கள் வளர்ந்தீர்கள். ஸ்டீபனுக்குப் பழைய மாமல்லபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மெர்சியின் கல்யாணத்தில் அம்மா நிற்கிற இடத்தில் பெரியம்மா நின்றார்கள். சித்தி பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார். வந்தவர்கள் எல்லாம் சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

போன வருஷம் லெந்து காலத்தில்தான் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். ஸ்டீபன், இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். நான் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றபோது நர்ஸ் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேஷண்ட்டுக்கு நீங்க இன்னா வேணும்?”

“எங்கப்பாவோட ரெண்டாவது சம்சாரம்.”

“அப்ப அவங்களுக்குப் புள்ளைங்க யாரும் இல்லியா?”

நீ பதில் சொல்வதற்குள் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. தூங்குகிறார் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“கீறாங்கம்மா. ரெண்டு பேரு. வேலைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க.”

நீ கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாய். மூன்றாம் நாள் சித்தி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.

நன்றி சொல்லி முடிப்பது முறை. ஷெட்டிலிருந்து அப்படியே ஓடிவந்து, ஈரக் கையோடு உடம்பைக் குளிப்பாட்டிய பெண்களுக்கு என் நன்றி. அடக்க ஆராதனையில் தாய்மையைப் பற்றி நெடுநேரம் பிரசங்கித்த ஆயருக்கு நன்றி. ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை கொண்டுவந்த பெரியம்மாவுக்கும் நன்றி. அத்தனை ரோஜாவை நான் ஒருசேரப் பார்த்ததில்லை.

இனி எழுதுவதைச் செங்கல்பட்டு அச்சகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லாமல் தனியாக வந்தேன். அட்டை மாதிரியில் ‘அம்மா’ என்ற சொல்லை வீட்டிலேயே சிவப்புப் பேனாவால் அடித்துக் கொண்டுவந்திருந்தேன். அச்சகத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் என்ன போட என்று கேட்டார். சித்தி என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. பிள்ளைகள் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நர்ஸுக்கு முன்னால் ஸ்டீபன் அதைப் பொய்யாக்கினது போதும். இனி நானும் ஆக்க வேண்டாம்.

அடித்தது செல்லாது என்று ஆக்க முடியுமா என்று கேட்டேன். அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்துக் கொடுத்தால் அந்தச் சொல்லை அடிக்காத மாதிரி அப்படியே விட்டுவிடுவோம் என்றார். பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.