எல்லாக் கன்றிலும் சிவப்புத் துணி

மட்டக்களப்புப் பக்கத்து உன்னிச்சைக்கு நான் இரண்டாம் முறை போனது ஒரே ஒரு சோளன் கன்றின், அதாவது மக்காச்சோளச் செடியின், இலைக்காக. போர்நிறுத்தம் என்பதால் பாதை திறந்திருந்தது. எத்தனை நாளைக்கு என்றுதான் யாருக்கும் தெரியாது.

ஒரே பயிருக்குள் செடிக்குச் செடி, ஓர் உயிர்க்கலத்திலுள்ள மரபணுப் பொருளின் மொத்த அளவு மாறுமா என்பது என் ஆய்வு. சென்ற மாதம் அங்கே சோளன் பயிரிடும் கமலா அக்காவின் தோட்ட மூலையில் ஒரு கன்றில் இலை வெட்டி, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன். கொழும்பு ஆய்வுகூடத்தில் அதன் அளவு மற்றச் சோளன்களைவிடக் கூடுதலாக வந்தது. மேற்பார்வையாளர் நம்பவில்லை. அதே கன்றின் இலையை மறுபடி கொண்டுவராவிட்டால் அந்த அளவைப் பிழையென்று நீக்கிவிடுவேன் என்றார். என் ஆய்வே அந்த ஒரு அளவை நம்பித்தான் நிற்கிறது.

காலை ஆறரைக்கு மட்டக்களப்பிலிருந்து ஆட்டோ. போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில்தான், ஆனால் வலையிறவுப் பாலம் தாண்டியபின் முதுகெலும்பு வேறு கணக்குச் சொல்லும். சோதனைச் சாவடியில், இலை வாடாமலிருக்கக் கொண்டுபோன என் ஐஸ் பெட்டியைத் திறந்த சிப்பாய், "இறால்?" என்று ஆவலாகக் கேட்டார். வெறும் ஐஸைக் கண்டதும் முகம் சுருங்கிப் போனது.

தோட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அந்த மூலையில் எல்லாக் கன்றிலும் சிவப்புத் துணி!

"என்னக்கா இது?"

"நீங்க ஒண்டுக்கு மட்டும் கண்ணூறு படாமக் கட்டிப்போட்டுப் போயிட்டீங்க புள்ள. மத்தக் கண்டெல்லாம் என்ன பாவம் செய்தது? என்ட பழைய சாரியக் கிழிச்சு எல்லாத்துக்கும் கட்டினன்."

என் துணி எதுவென்று அவருக்கும் தெரியவில்லை. வெட்டிய தடத்தைத் தேடினால், அவருடைய ஆடு கடிக்காத இலையே இல்லை. அழுகை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் கோபிக்கவும் முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அளவு கூடினா கதிர் பெரிசா வருமா?"

"இல்லக்கா."

"இனிப்புக் கூடுமா?"

"அதுவும் இல்ல."

"அப்ப அந்தக் கூடினது உள்ளுக்க இருந்து என்ன செய்யுது?"

"எனக்கும் தெரியாதுக்கா."

வேறு வழியில்லாமல் மூலையில் நின்ற எல்லாக் கன்றிலும் குருத்திலை வெட்டினேன். அவை அனைத்தும் ஒரே கதிரின் விதை என்றார் அக்கா. திரும்பும் வழியில் அதே சிப்பாய் ஐஸுக்குள் இலைகளைக் கண்டு என்னைவிடக் குழம்பி, போகச் சொல்லிவிட்டார்.

நேற்று முடிவு வந்தது. சில கன்றுகள் வழக்கமான அளவு, சில கூடுதல். பிழையென்ற பேச்சை மேற்பார்வையாளர் விட்டுவிட்டார். காற்றில் வரும் மகரந்தத்தால் ஒரே கதிரின் விதைகளுக்குத் தகப்பன் பலர், அதனால் அளவும் மாறலாம் என்கிறார். எனக்குப் பாதிதான் புரிகிறது. என் கன்று எதுவென்று இன்னும் தெரியாது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் விடியவே புறப்படுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள், ஐஸ் இரண்டு மடங்கு எடுங்கள். செடியில் எதையாவது கட்டினால் ஏன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் வந்ததால்தான் எல்லாக் கன்றிலும் வெட்ட நேர்ந்து, தப்பினேன். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

அந்த மூலைக் கதிர்களை விதைக்கு வைப்பதாக அக்கா சொல்லியிருந்தார். முடிவைச் சொல்ல இன்று போகப் புறப்பட்டேன், பாதையை மூடிவிட்டார்களாம். அவர் கட்டிய துணிகளில் ஒன்றையும் அவிழ்க்காமல் வந்தது நல்லதாய்ப் போயிற்று; எந்தக் கதிர்களை விதைக்கு வைப்பது என்பதற்கு இனி அவைதான் அடையாளம்.